கேளுங்கள், சொல்கிறேன்: மின்புலத்துக்குத் திரும்பும் திரவம்

சென்ற இதழில் கால்குலேட்டர் திரையைப் பற்றி ஒரு வாசகருக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதே பொருளைத் தொடர்ந்து கேட்டு வந்தவை. முப்பத்தொரு ஆண்டுகள் பெண்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அதற்கு முன் ஓர் ஆண்டு முழுவதும் திரவப் படிகத்தோடுதான் வாழ்ந்தேன். ஆகவே இந்த மாதப் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். ரத்தசோகை, கிரகணம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எல்.சி.டி. என்றால் திரவப் படிகத் திரை என்கிறார்கள். திரவம் என்றால் ஓடும், படிகம் என்றால் கற்கண்டு போல இறுகியிருக்கும். இரண்டும் ஒரே பொருளில் எப்படி?
— வாசகி, தென்காசி

இதே கேள்வியால் தூக்கம் கெட்டவர் ஒருவர் உண்டு. பிரடெரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர். பிராகு நகரில் கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதிலிருந்து செய்த ஓர் உப்பு போன்ற வெண்பொருளைச் சூடாக்கினால் 145.5 டிகிரியில் உருகியது. ஆனால் கலங்கலாக இருந்தது. மேலும் சூடாக்க, 178.5 டிகிரியில் திடீரென்று தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? 1888 மார்ச் மாதம் ஆட்டோ லேமன் என்ற ஜெர்மானிய இயற்பியலாளருக்குக் கடிதமும் மாதிரியும் அனுப்பினார். சூடாக்கியபடியே பார்க்கும் நுண்ணோக்கியை லேமன் வைத்திருந்தார். அதில் பார்த்தபோது ஒழுகும் திரவம் படிகத்தைப் போல ஒளியை நடத்தியது.

குளத்துக்குத் தண்ணீர் வரும் மடையில் அயிரை மீன் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு மீனும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். முன்னே போகும், பின்னே வரும். ஆனால் எல்லா மூக்கும் நீரோட்டத்தை எதிர்த்தே நிற்கும். இடத்தில் ஒழுங்கு கிடையாது, திசையில் ஒழுங்கு உண்டு. நீளமான குச்சி போன்ற மூலக்கூறுகள் இப்படி நிற்கும் நிலையைத்தான் 'நெமாட்டிக்' என்கிறோம். நூல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1922இல் பிரான்சின் ஜார்ஜ் பிரிடெல் அந்தப் பெயரைக் கொடுத்தார். நுண்ணோக்கியில் நூல் நூலாகத் தெரியும். இன்றைய திரைகளில் இருப்பது இந்த வகை.

பேட்டரியை இணைத்தால் திரவப் படிகத்துக்குள் என்னதான் நடக்கிறது? மின்சாரம் பட்டு அது ஒளிர்கிறதா?
— கல்லூரி மாணவி, சாத்தூர்

ஒளிர்வதில்லை. இதை நீங்கள் கேட்டதற்கு நன்றி. பாடநூல் படித்து முடித்தவர்களிடமும் இந்த எண்ணம் இருக்கிறது. திரவப் படிகம் ஒரு துளி ஒளியைக்கூடத் தருவதில்லை. வேறு எங்கிருந்தோ வரும் ஒளியை அது எப்படி நடத்துகிறது என்பதை மின்புலம் மாற்றுகிறது. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவு' எத்தனை அழகு என்பதை நான் பார்த்தபடி சொல்கிறேன்.

1989இல் எம்.ஃபில். ஆய்வுக்காக ஒரு சிறு சீசா எனக்குக் கிடைத்தது. லேபிளில் கே-15 என்று இருந்தது. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே என்ற வேதியியலாளரும் அவருடைய குழுவினரும் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய பொருள் அது. அதற்கு முன் இருந்தவற்றில் பல சூடாக்கினால்தான் திரவப் படிக நிலைக்கு வரும், அல்லது காற்றும் ஈரமும் பட்டுக் கெட்டுப்போகும். இது அறை வெப்பத்திலேயே அந்த நிலையில் நிற்கும், கெடாது. பார்வைக்கு நீர்மோர் போலக் கலங்கலாக இருக்கும். அந்தச் சீசாவை என் வழிகாட்டி பூட்டிய அலமாரியில் வைத்திருந்தார். ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு எழுதினோம்.

தபால்தலை அளவுள்ள இரண்டு கண்ணாடித் துண்டுகள். ஒரு பக்கம் மின்சாரம் கடத்தும் பூச்சு உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியாது, இண்டியம்–வெள்ளீய ஆக்சைடு. அதன் மேல் பாலிவினைல் ஆல்கஹால் கரைசலை மெல்லப் பூசிக் காயவைத்து, துணியால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் போச்சு. கோலம் போடும் கை போல ஒரே போக்கில் இழுக்க வேண்டும். பூனையைத் தடவினால் மயிர் படிவது போல அந்தப் பூச்சில் ஒரு போக்கு உண்டாகிவிடும். பிறகு இரண்டு கண்ணாடிகளையும் பூச்சுப் பக்கம் உள்ளே வரும்படி வைத்து, ஓரத்தில் மெல்லிய மைலார் பட்டை செருகி, நடுவில் சுமார் 20 மைக்ரோமீட்டர் இடைவெளி விடுவோம். தலைமுடியின் தடிமனில் கால்பங்கு. விளிம்பில் ஒரு சொட்டு வைத்தால் திரவம் தானே உள்ளே ஏறிக்கொள்ளும். உள்ளே போனதும் கண்ணாடியைத் தொடும் மூலக்கூறுகள் தேய்த்த திசையில் படுத்துவிடும். அவற்றைப் பார்த்து அடுத்த அடுக்கு, அதைப் பார்த்து அதற்கடுத்தது.

இப்போது இதை இரண்டு போலராய்டு தாள்களுக்கு நடுவே, தேய்த்த திசை சாய்வாக அமையும்படி வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். போலராய்டு தாள் ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும். மேல்தாளையும் கீழ்த்தாளையும் குறுக்காக வைத்தால் ஒன்றும் வராது, இருட்டு. ஆனால் நடுவில் இந்தத் திரவம் இருந்தால் இருட்டு இல்லை. வெளிர் இளஞ்சிவப்பும் வெளிர்ப் பச்சையும் தெரிந்தன. காரணம், மூலக்கூறின் நீளவாக்கில் அதிரும் ஒளிக்கு ஒரு வேகம், குறுக்குவாக்கில் அதிரும் ஒளிக்கு வேறு வேகம். கே-15க்கு ஒளிவிலகல் எண் நீளவாக்கில் சுமார் 1.71, குறுக்கே சுமார் 1.53. இதுதான் இரட்டை ஒளிவிலகல். ஒரே கதிரின் இரண்டு கூறுகளும் ஒன்றை ஒன்று பிந்தி வெளியே வந்து கூடும்போது சில நிறங்கள் அழிந்து சில நிறங்கள் தப்புகின்றன.

இனி மின்னழுத்தம். குமிழைச் சிறிது சிறிதாகத் திருப்பினேன். 0.2 வோல்ட், 0.4, 0.6. ஒன்றும் நடக்கவில்லை. இணைப்பு விட்டுப்போயிற்றோ என்று கம்பிகளை அழுத்திப் பார்த்தேன். முக்கால் வோல்ட்டைத் தாண்டியதும் அந்தப் பச்சை நகர ஆரம்பித்தது. பச்சை போய் இளஞ்சிவப்பு, மறுபடி பச்சை; ஒவ்வொரு சுற்றிலும் நிறம் ஆழமாகிக்கொண்டே வந்தது. பிறகு சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, பட்டுப்புடவையில் மட்டும் நான் பார்த்திருந்த அந்த நீலம், கத்தரிப்பூ நிறம், மீண்டும் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, சாம்பல். கடைசியில் கிட்டத்தட்டக் கறுப்பு. குமிழைத் திருப்பி மின்சாரத்தை நிறுத்தினால் வந்த வழியே எல்லா நிறமும் தலைகீழ் வரிசையில் ஓடித் திரும்பின. அரை நொடி ஆகும். அன்று மாலை விடுதிக்கு எத்தனை மணிக்குப் போனேன் என்பது நினைவில்லை. அந்த நீலம் இன்னும் நினைவிருக்கிறது.

நடந்தது இதுதான். மின்புலம் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கிறது. இந்த மூலக்கூறுகள் மின்புலத்தின் வழியாக நிமிர்ந்து நிற்க விரும்புபவை, ஏனென்றால் நீளவாக்கில்தான் அவற்றில் மின்னேற்றம் எளிதாகப் பிரிந்து நிற்கிறது. கண்ணாடியோ அவற்றைப் படுக்கவைத்திருக்கிறது. நட்ட நெற்பயிர் வேரில் பிடிபட்டுத் தாளில் சாய்வது போல, கண்ணாடியை ஒட்டியவை அசையாமல் இருக்க, நடுவில் உள்ளவை நிமிர்கின்றன. நிமிர நிமிர, கீழிருந்து வரும் ஒளி மூலக்கூறை அதன் நுனியிலிருந்து பார்க்கிறது. இரு வேகங்களுக்கும் வித்தியாசம் குறைகிறது. நிறங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வருகின்றன. முழுக்க நிமிர்ந்துவிட்டால் வித்தியாசமே இல்லை, இருட்டு. மூலக்கூறுகள் எங்கும் இழுத்துச் செல்லப்படவில்லை, உடையவில்லை, வேறு பொருளாகவில்லை. திசை மட்டும் மாறியது.

சின்னப் பொத்தான் பேட்டரியால் ஒரு பொருளின் அமைப்பையே மாற்ற முடியும் என்பதை நம்ப முடியவில்லை. நாங்கள் 11,000 வோல்ட் லைனில் வேலை பார்த்தவர்கள்.
— ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், விருதுநகர்

ஐயா, வோல்ட்டை மட்டும் பார்க்காதீர்கள். எவ்வளவு இடைவெளியில் அந்த வோல்ட் நிற்கிறது என்றும் பாருங்கள். கால்குலேட்டர் திரையில் இரு கண்ணாடிகளுக்கும் நடுவே 5 மைக்ரோமீட்டர் அளவில்தான் இடைவெளி. அங்கே 1 வோல்ட் என்றால் மீட்டருக்கு 2 லட்சம் வோல்ட் மின்புலம். உங்கள் 11,000 வோல்ட் கம்பியிலிருந்து ஐந்தரை சென்டிமீட்டர் இடைவெளியில் பூமித்தகடு ஒன்றை வைத்தால் வரும் மின்புலம் இது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு தனி மூலக்கூறைத் திருப்ப இந்த மின்புலம் போதவே போதாது. வெப்பத்தின் குலுக்கல் அதைக் கலைத்துவிடும். ஆனால் இங்கே கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒன்றுபட்டு ஒரே திசையில் நிற்கின்றன. திருப்பினால் கூட்டமாகத் திரும்பும்.

தொடக்கத்தில் 'ஒன்றும் நடக்கவில்லை' என்றேனே, அந்தத் தொடக்க மின்னழுத்தத்தைத் தாண்டியதும் நடக்கும் திருப்பத்துக்கு ஒரு பெயர் உண்டு: பிரெடரிக்ஸ் மாற்றம். வெசவலோட் பிரெடரிக்ஸ் என்ற ரஷ்ய இயற்பியலாளர் லெனின்கிராடில் 1920களின் இறுதியில் முதலில் காந்தப்புலத்தில் இதைக் கண்டார்; பிறகு மின்புலத்திலும் அது நடப்பது தெரிந்தது. இதில் நான் மிகவும் ரசிப்பது: தொடக்க மின்னழுத்தம் இடைவெளியைப் பொறுத்ததே இல்லை. கண்ணாடிகளின் இடைவெளியை இருமடங்காக்கினால் மின்புலம் பாதியாகும். ஆனால் நடு அடுக்கு கண்ணாடியை விட்டு விலகிவிட்டதால் அதன் மீது கண்ணாடியின் பிடியும் அதே அளவுக்குத் தளர்கிறது. இரண்டும் சமன். மிஞ்சுவது திரவத்தின் நெகிழ்ச்சியும் அதன் மின்குணமும் மட்டும். அதனால்தான் கே-15க்கு மெல்லிய இடைவெளியானாலும் தடித்ததானாலும் அதே முக்கால் வோல்ட். என் ஆய்வேட்டில் நான்கு வெவ்வேறு தடிமன்களில் இதைச் சோதித்து எழுதினேன். பிரெடரிக்ஸ் 1936இல் கைதானார். சிறைமுகாம் வாழ்க்கைக்குப் பின் 1944இல் இறந்தார். இன்று உலகத்தில் உள்ள எல்.சி.டி.க்களில் ஏறக்குறைய எல்லாமே அவர் கண்ட மாற்றத்தால்தான் இயங்குகின்றன. இதை வகுப்பில் சொல்லாமல் நான் அந்தப் பாடத்தை முடித்ததில்லை.

அப்படியானால் எண்கள் எப்படிக் கறுப்பாகத் தெரிகின்றன? வண்ணங்கள் எங்கே போயின?
— மளிகைக் கடைக்காரர், கோவில்பட்டி

உங்கள் தராசிலும் கால்குலேட்டரிலும் இருப்பது முறுக்கிய அடுக்கு. வெற்றிலைக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் உள்ள வெற்றிலையின் நுனி கிழக்கே பார்க்கட்டும். அதற்கு மேல் வைப்பதைத் துளி திருப்பி, அதற்கு மேல் வைப்பதை இன்னும் துளி திருப்பி, உச்சியில் உள்ள வெற்றிலையின் நுனி வடக்கே பார்க்கும்படி அடுக்குங்கள். மூலக்கூறுகள் அப்படி 90 டிகிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். மேல்கண்ணாடியையும் கீழ்க்கண்ணாடியையும் குறுக்குத் திசைகளில் தேய்த்துவிட்டால் போதும். உள்ளே நுழையும் ஒளியின் அதிர்வுத் தளம் இந்த முறுக்கைப் பிடித்துக்கொண்டே திரும்பி வெளியே வரும். குறுக்காக வைத்த இரண்டாவது போலராய்டைத் தடையில்லாமல் தாண்டும். திரை வெளிச்சமாகத் தெரியும்.

மின்னழுத்தம் கொடுத்தால் நடு வெற்றிலைகள் நிமிர்ந்துவிடும், முறுக்கு போயிற்று. ஒளி திரும்பாமல் நேரே வந்து இரண்டாவது தாளில் அடைபடும். அந்த இடம் கறுப்பு. கடத்தும் பூச்சை எட்டு என்ற எண்ணின் ஏழு துண்டுகளாகக் கண்ணாடியில் வெட்டியிருப்பார்கள். எந்தத் துண்டுக்கு மின்சாரம் போகிறதோ அது கறுக்கும். வண்ணம் தெரியாததற்குக் காரணம், இந்த முறுக்கில் எல்லா நிறமும் ஏறக்குறைய ஒரே மாதிரித் திரும்புவது.

இதைக் கண்டவர்கள் மார்ட்டின் ஷாட், வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக் என்ற இருவர். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் மருந்து நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில், 1970 டிசம்பர் 4 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் பெர்கசன் சில மாதம் கழித்து அதே கருத்தைப் பதிவு செய்தார். அதற்கு முன் 1968இல் ஜார்ஜ் ஹைல்மயர் குழு காட்டிய திரை வேறு வகை: மின்சாரம் திரவத்துக்குள் பாய்ந்து அதைக் கொதிக்கும் கஞ்சி போலக் கலக்கி, ஒளியைச் சிதறவைத்து வெண்மையாக்கும். கலக்குவதற்கு மின்சாரம் நிறையத் தேவைப்பட்டது. முறுக்கிய அடுக்கில் மின்சாரம் பாய வேண்டியதே இல்லை, மின்புலம் நின்றால் போதும். உங்கள் கால்குலேட்டர் ஒரே பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓடுவதற்கும், மேசை விளக்கின் வெளிச்சத்தில் வேலை செய்வதற்கும் இதுவே காரணம்.

ஊட்டியில் என் பைக் மீட்டரின் எண்கள் அதிகாலையில் சோம்பேறித்தனமாக மாறுகின்றன. சென்ற மே மாதம் சமவெளியில் வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த கடிகாரத் திரை முழுவதும் கறுத்துப் பிறகு சரியானது. இரண்டும் பழுதா?
— வாசகர், உதகமண்டலம்

இரண்டும் பழுதல்ல. குளிரில் தேங்காயெண்ணெய் இறுகும் முன் கெட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். திரவப் படிகமும் கெட்டியாகிறது. நிமிரச் செய்வது மின்புலம், ஆனால் மறுபடி படுக்கவைப்பது நெகிழ்ச்சி மட்டும்தான். அதற்கு உதவிக்கு யாரும் இல்லை. ஆகவே பழைய எண் மறைவதில்தான் தாமதம் அதிகம் தெரியும். கவனித்துப் பாருங்கள், புதிய எண் வந்த பிறகும் பழையதன் நிழல் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தத் தாமதம் இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது: இடைவெளி பாதியானால் நேரம் கால்பங்கு. தொலைக்காட்சித் திரைகளில் இடைவெளியை மூன்று, நான்கு மைக்ரோமீட்டராகச் சுருக்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கார் விஷயம் என் சொந்த வேதனை. கே-15 சுமார் 35 டிகிரியில் தெளிந்துவிடும். அதற்கு மேல் அது வெறும் எண்ணெய், எந்தத் திசையும் கிடையாது. திருநெல்வேலியில் மே மாதத்து மத்தியானம், மின்விசிறி மட்டும் உள்ள ஆய்வறை. பதினொரு மணி வாக்கில் நுண்ணோக்கிக்குள் வண்ணம் கொட்டிக்கொண்டிருக்கும். ஒரு மணிக்குப் பார்த்தால் படலம் முழுவதும் சட்டென்று கறுப்பு. முதல் முறை அழுதுவிட்டேன், மாதிரி கெட்டுவிட்டது என்று. மாலையில் அது தானே மீண்டது. அதன் பிறகு ஐந்து மணிக்கு எழுந்து ஆறு முதல் பத்து வரை அளவெடுத்தேன். கடிகாரங்களில் பல பொருள்களைக் கலந்து அந்தத் தெளிவுநிலையை 60, 70 டிகிரிக்கு மேல் உயர்த்தியிருப்பார்கள். மூடிய காரின் கண்ணாடியோரம் அதையும் எட்டிவிடும். ஒழுங்கு கலைந்தால் முறுக்கு இல்லை. முறுக்கு இல்லாவிட்டால் குறுக்குத் தாள்களுக்கு நடுவே எல்லாம் இருட்டு. குளிர்ந்ததும் கண்ணாடியில் தேய்த்த திசை அங்கேயே காத்திருக்கும். மூலக்கூறுகள் அதைப் பார்த்து மீண்டும் அடுக்கிக்கொள்ளும்.

பழைய கடிகாரத் திரையை எடுத்து நேரடியாக இரண்டு பேட்டரி செல்லில் இணைத்தேன். கறுப்பாக அழகாகத் தெரிந்தது. இரண்டு நாள் அப்படியே விட்டேன். இப்போது அந்தத் துண்டு மட்டும் மங்கிவிட்டது, சரியாக மாறுவதே இல்லை.
— ஐ.டி.ஐ. மாணவர், திண்டுக்கல்

நேர்மின்னோட்டம் திரவப் படிகத்துக்கு ஆகாது. எவ்வளவு தூய்மையாகச் செய்தாலும் திரவத்தில் கொஞ்சம் அயனிகள் இருக்கும். ஒரே பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தால் அவை போய்த் தட்டுகளில் அடைந்து நிற்கும். பூச்சிலும் வேதிமாற்றம் தொடங்கும். அதனால் எல்லாத் திரைகளிலும் மின்னழுத்தத்தின் திசையை நொடிக்குப் பல முறை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அடுத்த முறை ஒரு நொடி மட்டும் தொட்டுப் பாருங்கள், எடுத்துவிடுங்கள்.

திசையை மாற்றினால் மூலக்கூறு தலைகீழாகத் திரும்பிவிடாதா? எண் மறைந்து மறைந்து தெரிய வேண்டுமே?
— இயற்பியல் ஆசிரியர், இராஜபாளையம்

நல்ல கேள்வி, ஐயா. கல்யாண மண்டபத்தில் இரவு பாய் விரித்துப் படுக்கும் உறவினர்களை நினையுங்கள். எல்லாரும் சுவரோரம் ஒரே வாக்கில் படுத்திருப்பார்கள். ஆனால் ஒருவர் தலைமாட்டில் அடுத்தவர் கால்மாடு. நெமாட்டிக்கில் மூலக்கூறுகள் அப்படித்தான். மேலே தலை வைத்தவை சரிபாதி, கீழே தலை வைத்தவை சரிபாதி. ஆகவே மின்புலத்தின் குறி மாறினாலும் கூட்டத்துக்கு வேறுபாடு தெரியாது. விசை மின்புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. குறை எண்ணின் வர்க்கமும் மிகை எண்தானே.

எல்லாத் தலையும் ஒரே பக்கம் இருக்கும் நெமாட்டிக் இருக்க முடியும் என்று மாக்ஸ் போர்ன் 1916இலேயே கருதினார். நூறு ஆண்டுகளுக்கு மேல் அது கைக்கு அகப்படவில்லை. 2020இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகக் குழு, ஆர்.எம்.734 என்ற பொருளில் அதைக் காட்டியது. நாம் இதுவரை பேசிய திரவங்களுக்குத் தேவைப்படும் மின்புலத்தில் மிகச் சிறு பகுதியே அதற்குப் போதும், குறி மாறினால் திசையும் மாறும். அந்தக் கட்டுரையின் படங்களைப் பார்த்த அன்று என் பழைய மாணவிகள் நால்வருக்குத் தொலைபேசினேன்.

மூலக்கூறுகள் அடுக்கடுக்காக நிற்கும் ஸ்மெக்டிக் என்ற திரவப் படிக வகையில், குறி மாறினால் திசையும் மாறச் செய்ய இதற்கு முன்பே வழி உண்டு: ராபர்ட் மேயர் சொன்ன யோசனையின்படி 1975இல் முதலில் செய்தார்கள், 1980இல் கிளார்க்கும் லாகர்வாலும் அதை மெல்லிய கண்ணாடி இடைவெளியில் அடக்கி, மைக்ரோநொடிகளில் மாறும் திரையாகக் காட்டினார்கள்.

இந்தத் துறையில் நம் நாட்டவர் யாராவது உண்டா?
— வாசகி, மானாமதுரை

உண்டு, பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். சி.வி. ராமனின் சகோதரி மகன் எஸ். சந்திரசேகர். வானியற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய சந்திரசேகர் வேறு. அவரும் அதே குடும்பம் என்பதால் குழப்பம் எப்போதும் வரும். இவர் பெங்களூரில் ராமன் ஆய்வு நிறுவனத்தில் திரவப் படிக ஆய்வகத்தைக் கட்டி எழுப்பினார். திரவப் படிகம் என்றாலே குச்சி வடிவ மூலக்கூறு என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தபோது, 1977இல் சதாசிவா, சுரேஷ் ஆகியோருடன் சேர்ந்து, வட்டத்தட்டு வடிவ மூலக்கூறுகள் காசு அடுக்கியது போலத் தூண்களாக நின்று திரவப் படிகமாவதைக் காட்டினார். பின்னாளில் அதே ஊரில் திரவப் படிக ஆய்வு மையத்தையும் தொடங்கினார், 2004இல் மறைந்தார்.

அவருடைய தம்பி பஞ்சரத்னம். ஒளியின் அதிர்வுத் தளம் ஒரு சுற்று சுற்றிப் பழைய இடத்துக்கே வந்தாலும் ஒளி அந்தச் சுற்றை மறப்பதில்லை, தன் கட்டத்தில், அதாவது அலையின் ஏற்ற இறக்கம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதில், அதைச் சுமந்து வருகிறது என்று 1956இல் எழுதினார். அப்போது அவருக்கு 22 வயது இருக்கும். 35 வயதில் போய்விட்டார். இன்று திரவப் படிகத்தில் தட்டையான லென்ஸ் செய்பவர்கள் பஞ்சரத்னம் கட்டம் என்ற பெயரைச் சொல்லித்தான் கணக்குப் போடுகிறார்கள்.

ஓர் அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்பு பால் போல இருந்தது. சுவிட்சைப் போட்டதும் தெளிவாகிவிட்டது. இதுவும் திரவப் படிகமா?
— வாசகர், காரைக்குடி

ஆம். பிளாஸ்டிக் படலத்துக்குள் திரவப் படிகம் நுண்துளிகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு துளியும் தன் போக்கில் ஒவ்வொரு பக்கம் பார்ப்பதால் ஒளி சிதறிப் பாலாகத் தெரியும். மின்புலம் வந்ததும் எல்லாத் துளியும் ஒரே பக்கம் நிமிர, துளியின் ஒளிவிலகல் எண்ணும் பிளாஸ்டிக்கின் எண்ணும் ஒன்றாகிவிடும். துளி இருப்பதே ஒளிக்குத் தெரியாது. இதில் போலராய்டு தாள் இல்லை. மின்தடை வந்தால் தடுப்பு பாலாகிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டுப்போன கால்குலேட்டரின் திரையில் ஒட்டியிருந்த தாளை உரித்துவிட்டேன். எண்கள் மறைந்துவிட்டன! அம்மா திட்டுகிறார். நான் உடைத்துவிட்டேனா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவர், அருப்புக்கோட்டை

உடைக்கவில்லை, தம்பி. எண்கள் அங்கேயேதான் இருக்கின்றன. பார்ப்பதற்கான கண்ணைத்தான் உரித்துவிட்டாய். பொத்தானை அழுத்தும்போது மூலக்கூறுகள் இப்போதும் நிமிர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அதிர்வுத் தளம் திரும்பிய ஒளியையும் திரும்பாத ஒளியையும் நம் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது.

உரித்த தாளைக் கசக்காமல் வைத்திருக்கிறாயா? பசையைத் துடைத்துவிடு. கையில் பசையோ, உடைந்த கண்ணாடியிலிருந்து கசிந்த திரவமோ பட்டால் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள். பிறகு 8888 என்று அழுத்தி, தாளைத் திரைக்கு மேல் ஒட்டாமல் பிடி. எண்கள் வரும். இனித் தாளை மெதுவாகத் திருப்பு. கால்வட்டம் திருப்புவதற்குள் எண்கள் வெளிறி, ஓரிடத்தில் முற்றிலும் கரைந்து, பிறகு பின்புலம் கறுத்து எண்கள் வெளிச்சமாக எழும். கறுப்புப் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியது போல இருக்கும். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டு. தாளை அவர் கையிலேயே கொடுத்துத் திருப்பச் சொல்.